ஃபேன் இல்லாத கப்பல் கம்ப்யூட்டர்: காரைக்குடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சரக்குக் கப்பலில் ஈடிஓ. மின்சாரமும் மின்னணுவும் பார்க்கிற அதிகாரி. லீவில் காரைக்குடி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பொருள் உட்கார்ந்திருக்கும். செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரியது, கறுப்பு அலுமினியம், மேலே சீப்புப் பல் மாதிரி வரிவரியாகத் தகடுகள். கணக்கிலிருந்து கழித்த பழைய பிரிட்ஜ் கம்ப்யூட்டர் அது. கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்டக் கொடுத்திருக்கிறோம். பார்க்கிறவர்கள் “இது என்ன, இட்லித் தட்டா?” என்று ஆரம்பித்து, வரிசையாக ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். பாலிடெக்னிக் பையன்கள், புதுவயலில் ரைஸ் மில் வைத்திருக்கும் மாமா, சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு ஐயா என்று எல்லோரும். எழுதி வைத்துவிட்டால் அடுத்த லீவில் தொண்டை மிச்சம்.

பிரிட்ஜ் என்றால் பாலமா?

என் அப்பத்தா ரொம்ப நாள் என்னைப் பாம்பன் பாலத்தில் வேலை பார்க்கிறவன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கப்பலின் உயரமான இடத்தில், சுற்றிலும் கண்ணாடி வைத்து, கேப்டனும் அதிகாரிகளும் நின்று கப்பலை ஓட்டுகிற அறைக்குப் பெயர்தான் பிரிட்ஜ். நீராவிக் கப்பல்கள் வந்த காலத்தில் இரண்டு பக்கத் துடுப்புச் சக்கரக் கூடுகளுக்கும் நடுவே பாலம் மாதிரி ஒரு நடைமேடை போட்டு, அதில் நின்று கட்டளை கொடுத்தார்கள். சக்கரம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

அங்கே கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?

முன்பு மேசை நிறைய விரித்து வைத்திருந்த காகிதக் கடல் வரைபடத்தின் இடத்தை இப்போது எக்டிஸ் என்னும் திரை பிடித்துக்கொண்டது. பன்னாட்டுப் பயணம் போகும் பெரிய கப்பல்களுக்கு 2012 ஜூலை தொடங்கி 2018 ஜூலை வரை படிப்படியாக அதைக் கட்டாயமாக்கினார்கள். காகிதமே வேண்டாம் என்றால் பெரும்பாலும் இரண்டு எக்டிஸ் இருக்கும், ஒன்று படுத்தால் இன்னொன்று. 3000 டன்னேஜுக்கு மேல் போனால் ரேடாரும் இரண்டு. அப்புறம் விமானத்துக் கறுப்புப் பெட்டி மாதிரி விடிஆர் என்று ஒன்று உண்டு. பிரிட்ஜில் பேசுவது, ரேடார் படம், வேகம், திசை எல்லாவற்றையும் அது பதிவு செய்யும். 2014 ஜூலைக்குப் பிறகு பொருத்தியவற்றில் காப்புப் பெட்டகங்களில் 48 மணி நேரப் பதிவும், உள்ளே 30 நாள் பதிவும் இருக்க வேண்டும். இவை ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. வருஷம் முழுக்க நிற்காமல் ஓடுகிற கம்ப்யூட்டர்.

சரி, ஃபேன் ஏன் இல்லை? சத்தம் வரக்கூடாது என்றா?

எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் இது. சத்தத்துக்கும் ஒரு வரம்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஃபேனை எடுத்ததற்குக் காரணம் சத்தமில்லை, உப்பு.

ஃபேன் சும்மா சுற்றுவதில்லை, வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. கடலில் அந்தக் காற்றோடு உப்புத் துளி வரும், புகைபோக்கியின் கரி வரும், தரைவிரிப்பின் பஞ்சு வரும். எல்லாம் சர்க்யூட் போர்டின் மேல் மெல்லிய படலமாகப் படியும். உலர்ந்திருக்கிற வரை பெரிய கெடுதல் இல்லை. வினை வருவது ஈரத்தில்தான். நம் அடுப்படியில் கல்லுப்பு ஜாடி ஐப்பசி மழையில் தானாகக் கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதற்கும் முன்பே கசியும். பிரிட்ஜில் ஏசி ஓடினாலும், துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறும்போதும் துறைமுகத்தில் கட்டும்போதும் பக்கக் கதவுகள் மணிக்கணக்கில் திறந்தே கிடக்கும். அப்போது போர்டின் மேல் படிந்த உப்பு உப்புத் தண்ணீராகிவிடும். அதில் மின்சாரம் பாயும், செம்பு அரிக்கும். ஒருநாள் காரணமே தெரியாமல் திரை அணையும்.

இன்னொன்று, அந்தப் பெட்டியில் தேய்கிற பாகம் என்று ஒன்று இருந்தால் அது ஃபேனின் பேரிங்தான். நடுக்கடலில் அது இறுகினால் கல்லுக்கட்டிக் கடைத்தெருவுக்குப் போய் வேறு வாங்கிவர முடியாது. அதனால் காற்று நுழையும் வாசலை அடைத்துவிட்டு, சூட்டைச் சுவர் வழியாக வெளியே அனுப்புகிறார்கள்.

சுவர் வழியாகச் சூடு எப்படிப் போகும்?

சிப்பின் தலையில் ஒரு செம்புக் கட்டியையோ வெப்பக் குழாயையோ ஒட்டி, அதை நேராகப் பெட்டியின் அலுமினிய உடம்போடு சேர்த்துவிடுவார்கள். இடையில் பொடி இடைவெளிகூட இல்லாமல் மெத்தென்ற வெப்பத் திண்டு இருக்கும். பெட்டியே சூட்டை வாங்கித் தகடுகளுக்குப் பரப்பும். தகடுகளுக்கு நடுவே இருக்கும் காற்று சூடாகி மேலே போகும், கீழிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். யாரும் தள்ளவேண்டாம்.

நம் ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். செட்டிநாட்டு வீடுகள் கட்டும்போது எந்த வீட்டில் மின்விசிறி இருந்தது? ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு. நடுவில் வாசல்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில். வளவில் மேலே திறந்த முற்றம். உயரக் கூரை, பருமனான சுண்ணாம்புச் சுவர். சூடான காற்று முற்றத்தின் வழியே ஏறும், தெருக் காற்று வாசல் வழியே வந்து நிரப்பும். இந்தக் கறுப்புப் பெட்டியின் தகடுகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. முற்றத்துக்குத் தகரக் கொட்டகை போட்ட வீட்டில் சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா? அந்தக் கதை கீழே வருகிறது.

ஏன் அலுமினியம்? எவர்சில்வரில் செய்தால் துருப்பிடிக்காதே?

இது அம்மாவின் கேள்வி, நல்ல கேள்வி. எவர்சில்வர் பாத்திரத்தில் பால் ஏன் அடிப்பிடிக்கிறது? சூடு பரவாமல் ஓரிடத்திலேயே நிற்பதால். அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் அளவு எவர்சில்வரைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். செம்பு இன்னும் நல்லது, ஆனால் கனம், விலை இரண்டும் ஏறும். அலுமினியத்தின் குறை உப்பில் புள்ளிப்புள்ளியாக அரிப்பது. அதற்காக அனோடைஸ் செய்து, மேலே கடினமான ஆக்சைடு படலம் ஏற்றிவிடுகிறார்கள். உள்ளே போர்டுக்கும் வார்னிஷ் மாதிரி ஒரு காப்புப் பூச்சு உண்டு. இதைப் பற்றி மேலே தெரியவேண்டும் என்றால் நீங்கள் கப்பலைத் தேட வேண்டாம். 1953லிருந்து நம் ஊரில் இருக்கும் சிக்ரிக்கு உலோக அரிப்பு தலையாய பாடங்களில் ஒன்று. பக்கத்து வீட்டு ஐயா இந்தப் பெட்டியை வாங்கிப் பார்த்து, திருகு ஆணி எவர்சில்வர், உடம்பு அலுமினியம், இரண்டும் சேரும் இடத்தில்தான் முதலில் அரிக்கும் என்றார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அங்கேதான் அரித்திருந்தது.

வீட்டிலிருக்கும் வேகமான கம்ப்யூட்டரை இப்படி ஃபேன் இல்லாமல் மூடிவிட முடியாதா?

ஒரு கணக்குப் போடலாம். பிரிட்ஜ் கருவி 55 டிகிரி வெப்பத்திலும் வேலை செய்ய வேண்டும். நல்ல பெட்டி ஒன்று, சிப் ஒவ்வொரு வாட் சக்தி எடுக்கும்போதும் 2 டிகிரி சூடேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 வாட் சிப் என்றால் 30 டிகிரி கூடும், மொத்தம் 85. தாங்கும். மேசைக் கம்ப்யூட்டரின் 65 வாட் சிப்பை வைத்தால் 130 கூடி 185. சிப் 100 டிகிரியை ஒட்டியே தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும், முடியாவிட்டால் அணைந்துவிடும். அதனால்தான் இவற்றில் லேப்டாப் ரகச் சிப்கள். வேகம் கம்மி என்று பையன்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். வரைபடத்தில் கப்பலை நகர்த்த கேம் விளையாடும் வேகம் தேவையில்லை.

விற்கிறவர்கள் தரும் தகவல் தாளையும் கண்ணை நம்பிப் படிக்க வேண்டாம், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். “70 டிகிரி வரை” என்று பெரிய எழுத்தில் இருக்கும். சிலவற்றில் அடியில் பொடி எழுத்தில் “வினாடிக்கு 0.7 மீட்டர் காற்றோட்டத்துடன்” என்று இருக்கும். அதாவது ஃபேன் இல்லாத கம்ப்யூட்டர் வேலை செய்யப் பக்கத்தில் ஒரு ஃபேன் வேண்டும்! நான் முதலில் தேடுவது அந்தப் பொடி எழுத்தைத்தான்.

கப்பல் கம்ப்யூட்டர் என்று யார் சான்று தருகிறார்கள்?

அடிப்படைத் தரம் ஐஇசி 60945. ஐஇசி என்பது பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம். பிரிட்ஜ் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. சூடு, குளிர், ஈரம், அதிர்வு, மின் ஏற்றத்தாழ்வு, மற்றக் கருவிகளுக்குத் தொந்தரவு என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள்.

அதில் அதிர்வைக் கொஞ்சம் விளக்குகிறேன். பெரிய கப்பல் இன்ஜின் மெதுவாகத்தான் சுற்றும். நிமிஷத்துக்கு 100 சுற்று, புரொப்பல்லருக்கு 4 இலை என்றால் நிமிஷத்துக்கு 400 தட்டு, வினாடிக்கு 7க்குக் கொஞ்சம் குறைவு. நாள் முழுக்க, மாதம் முழுக்க. கையால் தொட்டால் மேசை முனகுவது தெரியும். சோதனையில் வினாடிக்கு 2 முதல் 13.2 வரையான அதிர்வில் இரண்டு பக்கமும் 1 மில்லிமீட்டர் ஆட்டுகிறார்கள், அதற்கு மேல் 100 வரை வேறு கணக்கு. சுற்றும் ஹார்ட் டிஸ்க் இதற்குச் சரிப்படாது, சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிதான். ஒயர் முனைகளும் சொருகி விடுகிற ரகமாக இல்லாமல் திருகிப் பூட்டுகிற ரகமாக இருக்க வேண்டும்.

மற்றக் கருவிகளுக்குத் தொந்தரவு என்றேனே, கருவி வெளியே கசியவிடும் ரேடியோ இரைச்சலுக்கும் வரம்பு உண்டு. விஎச்எஃப் ரேடியோ அலைவரிசையான 156 முதல் 165 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் அந்த வரம்பு இன்னும் கடுமை. கப்பல்கள் ஒன்றோடொன்று பேசுவது, ஏஐஎஸ் என்ற கருவி கப்பலின் அடையாளத்தைத் தானாக அனுப்புவது எல்லாம் அங்கேதான். எல்இடி விளக்குகளே இந்த அலைவரிசையைக் கெடுக்கின்றன என்று 2018ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை எச்சரிக்கை வெளியிட்டது. விளக்குக்கே இந்தக் கதி என்றால் மலிவான பவர் சப்ளை போட்ட கம்ப்யூட்டர் என்ன செய்யும்!

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெட்டிக்கு மட்டும் சான்று இருந்தால் போதாது. எக்டிஸ் என்றால் கம்ப்யூட்டர், மென்பொருள், திரை மூன்றும் சேர்ந்த தொகுப்பாகவே அங்கீகாரம் பெறுகிறது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதே என்று கையில் கிடைத்த இன்னொன்றைப் பொருத்தினால், திரையில் வரைபடம் தெரியும், ஆனால் சட்டப்படி அது எக்டிஸ் இல்லை.

காந்த ஊசி கெட்டுவிடாதா?

கெடும், பக்கத்தில் வைத்தால். அதனால் ஒவ்வொரு கருவியையும் திசைகாட்டியிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்கலாம் என்று அளந்து எழுதியிருக்க வேண்டும். சான்றுள்ள பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அந்த எண் இருக்கும். நம் திண்ணைப் பெட்டியிலும் இருக்கிறது.

கப்பலில் கரண்ட் போனால்?

போகும். ஓடுகிற ஜெனரேட்டர் திடீரென்று படுத்தால், அடுத்தது ஏறும்வரை விளக்கு கொஞ்ச நேரம் அணைந்து எரியும். எக்டிஸ் விதி என்னவென்றால், 45 வினாடி வரை மின்சாரம் நின்று வந்தாலும் யாரும் கை வைத்து மறுபடி அமைக்க வேண்டிய நிலை வரக்கூடாது. யுபிஎஸ் இருக்கும். பல பெட்டிகள் 24 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். தரப்படி அந்த 24 வோல்ட் 21.6க்கு இறங்கினாலும் 31.2க்கு ஏறினாலும் தாங்க வேண்டும்.

இங்கே புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கப்பலின் 24 வோல்ட் பெரும்பாலும் எர்த்தோடு சேராமல் தனியாக நிற்கும். ஜிபிஎஸ், கைரோ திசைகாட்டி, வேகமானி என்று ஊரெல்லாம் இருந்து ஒயர்கள் ஒரே கம்ப்யூட்டருக்கு வருகின்றன. அந்த சீரியல் போர்ட்டுகளுக்கு நடுவே ஒளி வழித் தடுப்பு, அதாவது ஆப்டோ ஐசொலேஷன், இல்லை என்றால் ஒன்றின் எர்த் கோளாறு எல்லாவற்றுக்கும் பரவும். நான் ஒரு கப்பலில் எர்த் ஃபால்ட் அலாரம் ஒன்றைத் தேடி மூன்று நாள் அலைந்தேன். கடைசியில் யாரோ இடையில் போட்டிருந்த, கடையில் வாங்கிய யுஎஸ்பி மாற்றி ஒன்றுதான் காரணம். உள்ளங்கையில் மூடும் அளவு சாமான்.

இவ்வளவு முரட்டுப் பெட்டியும் கெடுமா?

முற்றத்துக்குக் கொட்டகை போட்ட கதைக்கு வந்துவிட்டோம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கப்பலில் ஏறிய முதல் வாரம், இரண்டாம் அதிகாரி வந்து “சார், மத்தியானமானால் எக்டிஸ் இழுக்குது” என்றார். காலையில் ஒழுங்காக ஓடும், இரண்டு மணிக்கு மேல் வரைபடம் நகர்த்தினால் ஜவ்வு மாதிரி வரும். எனக்கு முன் இருந்தவர் மென்பொருளைச் சந்தேகப்பட்டு இரண்டு முறை மறுபடி ஏற்றியிருந்தார். நான் கன்சோலின், அதாவது திரைகளும் கருவிகளும் பொருத்திய மேசையின், கதவைத் திறந்தேன். பெட்டியைச் சுவரில் செங்குத்தாக மாட்டாமல் அடித்தட்டில் படுக்கப் போட்டிருந்தார்கள். தகடுகளின் மேல் துறைமுகக் காகிதங்கள் கட்டிய ஃபைல்கள் நான்கு. பக்கத்தில் யுபிஎஸ், அதுவும் சூடு. சிப் வெப்பம் 98 டிகிரி.

பெட்டியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஃபைலை எடுத்து, தகடுகள் மேல்கீழாக இருக்கும்படி சுவரில் மாட்டி, கன்சோலின் அடியிலும் உச்சியிலும் ஓட்டை வைத்த பலகை போட்டேன். மறுநாள் அதே நேரம் 79. பெட்டி வாங்கும்போது பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். மாட்டும்போது அலமாரிப் பொருளாக நினைத்துவிடுகிறார்கள். ஃபேன் உள்ள கம்ப்யூட்டராவது அடைத்தால் இரைந்து காட்டிக்கொடுக்கும், இது வாயே திறக்காது.

சூட்டின் கெடுதல் அன்றைக்கே தெரிவதும் இல்லை. மின்தேக்கிகளுக்கு, 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்று ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தால் அந்த நான்கு ஃபைல்கள் எத்தனை வருஷத்தைத் தின்றிருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

பராமரிப்பு என்று ஏதாவது செய்வீர்களா?

தகடுகளில் தூசி தட்டுவது, ஈரத்துணியால் உப்பைத் துடைப்பது, வெப்ப அளவைப் பதிவேட்டில் குறிப்பது, திருகுகள் இறுக்கமா என்று பார்ப்பது. ஐந்தாறு வருஷத்தில் மதர்போர்டின் பொத்தான் பேட்டரி. திறக்க நேர்ந்தால் வெப்பத் திண்டைப் புதிதாக மாற்றாமல் மூடக்கூடாது, பழையது ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான்.

வைரஸ் வருமா?

வரும். வழி, பென் டிரைவ். வரைபடத் திருத்தங்கள் வாராவாரம் வரும், அதைக் கொண்டுபோய்ச் சொருகும் டிரைவில்தான் யாரோ படமும் பார்த்திருப்பார்கள். ஒரே ஒரு டிரைவை இதற்கென்று ஒதுக்கி, மற்ற யுஎஸ்பி துளைகளைப் பூட்டிவிடுவதுதான் எங்கள் வழக்கம். 2024 ஜூலை 1லிருந்து கட்ட ஒப்பந்தமாகும் கப்பல்களுக்கு இணையப் பாதுகாப்பை, கப்பலைச் சோதித்துத் தரச்சான்று தரும் வகுப்புச் சங்கங்களே இ26, இ27 என்ற விதிகளாகக் கொண்டுவந்துவிட்டன.

ரைஸ் மில்லுக்கு ஒன்று வாங்கலாமா?

புதுவயல் மாமா வருஷா வருஷம் கேட்பது. எடை மேடையிலும் அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர் பக்கத்திலும் வைத்த கம்ப்யூட்டர்கள் தவிட்டுத் தூசியில் மூச்சுமுட்டிச் சாகின்றன. ஃபேன் இல்லாத பெட்டி அங்கே நிச்சயம் உதவும். ஆனால் கப்பல் சான்றுள்ளது வேண்டாம். திசைகாட்டியும் விஎச்எஃபும் மில்லில் இல்லை, அந்தச் சோதனைகளுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? சாதாரணத் தொழிற்சாலை ரகம் போதும், விலை நன்றாக இறங்கும். தகடுகளில் தவிடு மெத்தை கட்டாமல் வாரம் ஒருமுறை காற்றடித்துவிடுங்கள். ஆத்தங்குடிப் பக்கம் தளக்கல் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில், தவிட்டுக்குப் பதில் சிமெண்ட்.

இந்த வேலைக்கு எப்படிப் போவது?

எலெக்ட்ரிகல் அல்லது எலெக்ட்ரானிக்ஸ் படிப்பு, அதன் பிறகு இந்திய அரசின் கப்பல் துறை இயக்ககமான டிஜி ஷிப்பிங் அனுமதித்த நிலையத்தில் ஈடிஓ பயிற்சி, மருத்துவத் தகுதி. நிறக்குருடு இருந்தால் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது, கடனை வாங்கிப் படித்த பிறகு தெரிந்து அழுதவனை எனக்குத் தெரியும். தகுதி விவரங்களை டிஜி ஷிப்பிங் தளத்திலேயே பாருங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். கப்பல் ஊழியரிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்குவதே 2006ம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி தப்பு. கப்பலுக்கு ஆள் எடுக்க அரசு தரும் ஆர்பிஎஸ்எல் உரிமத்தின் எண் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். என் முதல் முயற்சியில் நான் கேட்கவில்லை. அப்பாவின் சேமிப்பில் ஒரு பெரிய தொகை அப்படியே போனது.

சத்தமே இல்லை என்றால் ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்?

பச்சை விளக்கு ஒன்று இருக்கும். ராத்திரி பிரிட்ஜில் இருட்டுதான் முக்கியம், அதனால் பாதிப் பேர் அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருப்பார்கள். நான் தகட்டில் கை வைத்துப் பார்ப்பேன். சுடச்சுட, ஆனால் இரண்டு வினாடி வைத்திருக்கலாம் என்றால் சரி. வைக்கவே முடியவில்லை என்றால் கன்சோல் கதவைத் திறந்து யார் எதை மேலே போட்டிருக்கிறார்கள் என்று தேடுவேன். ஜில்லென்று இருந்தால் பேனாக்கத்தியும் மீட்டரும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட வேண்டியதுதான், அன்றைக்குச் சாப்பாடு தாமதம்.